எழுத்துக்கு ஏற்ற இடம்

ஒரு பொருளை ஆக்குவோனுக்கு இரண்டு துணைகள் உண்டு. ஒன்று அளவுகோல், மற்றொன்று கண். தச்சன் பலகையை அளந்தே அறுக்கின்றான். ஆயினும், கதவை நிலையிற் பொருத்தியபின் சற்றே விலகி நின்று, தலையைச் சாய்த்து ஒரு முறை நோக்குகின்றான். அளவு சரியாக இருந்தும் பார்வைக்குக் கோணலாய்த் தோன்றுமாயின் அவன் மனம் அமைதி கொள்வதில்லை. மீண்டும் கோலைக் கையில் எடுக்கின்றான். அளவின்றிக் கண்ணை மட்டும் நம்புவோன் மரத்தை வீணாக்குவான். கண்ணின்றி அளவை மட்டும் நம்புவோன் பொருளை வீணாக்குவான். இவ்விரண்டையும் எவ்வாறு இணைப்பது என்பதே செய்தொழில் அனைத்திற்கும் பொதுவான வினாவாகும்.

யான் வாழும் செம்பாக்கம், தாம்பரத்திலிருந்து வேளச்சேரி செல்லும் சாலையில் அமைந்த ஊர். ஏரியும் அதனைச் சார்ந்த வயல்களுமாக இருந்த இவ்வூர், 2021-ஆம் ஆண்டு முதல் தாம்பரம் மாநகராட்சியின் ஒரு பகுதியாக உள்ளது. கணிப்பொறி நிறுவனங்களிற் பணி புரியும் இளைஞர் பலர் இங்குக் குடியிருக்கின்றனர். அவருள் ஒருவர் கைப்பேசிச் செயலிகளை வடிவமைப்பவர். ஒரு நாள் அவர் என்னிடம், “ஐயா, எந்தப் பொத்தானை மக்கள் எத்தனை முறை தொட்டார்கள் என்ற கணக்கு எங்களிடம் இருக்கிறது. அதைத் தரவு என்கிறோம். எங்கள் தலைவரோ, கணக்கு ஒரு பக்கம் இருக்கட்டும், என் உள்ளுணர்வு வேறு சொல்கிறது என்கிறார். நாங்கள் எதை நம்புவது?” என்று வினவினார்.

“தம்பி, உங்கள் தொழில் எனக்குத் தெரியாது. எழுத்துத்தான் எனக்குத் தெரியும். எழுத்துக்கு இடம் தேடிய வரலாறு ஒன்று உண்டு. அதைக் கேளுங்கள், விடையை நீங்களே காண்பீர்கள்” என்றேன். அன்று அவருக்குக் கூறியதனையே சற்று விரித்து இங்கு எழுதுகின்றேன்.

தமிழ் எழுத்துகள் 247 என்பது நாம் இளமையிற் கற்றது. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 எனக் கூட்டினால் அத்தொகை வரும். தட்டச்சுப் பொறியில் இருப்பனவோ ஏறத்தாழ 46 விசைகள். ஒரு விசைக்கு இரண்டு வடிவங்கள் என்று வைத்தாலும் நூறு எட்டாது. இருநூற்று நாற்பத்தேழு விருந்தினர் வந்து நிற்கும் வீட்டில் நாற்பத்தாறு இலைகளே இருந்தால் இல்லத்தலைவி என்ன செய்வாள்? இத்தகைய இடர்ப்பாட்டினையே எதிர்கொண்டார் ஆர். முத்தையா என்னும் பெரியார். அவர் 1886-ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். கடல் கடந்து சென்று சிங்கப்பூரில் அலுவலகப் பணி ஆற்றியவர். ஆங்கிலக் கடிதங்கள் பொறியின் வாயிலாக அழகுறப் பிறப்பதை நாளும் கண்ட அவர், தம் தாய்மொழிக்கும் அந்நலம் வாய்த்தல் வேண்டும் என விழைந்தார். அவர் வகுத்த அமைப்பினைக் கொண்டு செர்மனி நாட்டின் சைடல் நௌமன் நிறுவனத்தார் தமிழ்த் தட்டச்சுப் பொறிகளைச் செய்தளித்தனர்.

எழுத்துகள் பல, இடங்கள் சில என்னும் நிலையில் முதலில் துணைக்கு வருவது எண்ணிக்கையே. எல்லா எழுத்துகளும் ஒரே அளவில் வழங்குவதில்லை. இதனை முதன்முதல் நன்கறிந்தோர் அச்சுக்கோப்பவர் எனலாம். ஆங்கில அச்சகங்களில் எழுத்துப் பெட்டியின் அறைகள் ஒரே அளவினவாய் இருப்பதில்லை. மிகுதியாக வழங்கும் ‘ஈ’ என்னும் எழுத்துக்குப் பெரிய அறை வாய்த்திருக்கும். 19-ஆம் நூற்றாண்டில் மோர்சு என்பவரோடு சேர்ந்து தந்திக் குறியீடுகளை வகுத்த ஆல்பிரட் வெயில் என்பார், ஓர் அச்சகத்தில் ஒவ்வோர் எழுத்துக்கும் எத்தனை அச்சுகள் உள்ளன என எண்ணிப் பார்த்து, மிகுதியாக வரும் எழுத்துகளுக்குச் சிறிய குறியீடுகளை அளித்தார் என்பர். அதனாலன்றோ அம்முறையில் ‘ஈ’ என்பதற்கு ஒரே ஒரு புள்ளி போதுமானதாக இருக்கின்றது!

தமிழ்த் தட்டச்சிலும் இந்நெறியைக் காணலாம். தட்டச்சு நிலையத்திற் சேரும் மாணவர் முதலிற் கற்பது ‘ய, ள, ன, க’ எனத் தொடங்கும் பாடமேயாகும். விரல்கள் இயல்பாகத் தங்கும் நடுவரிசை அது. மிகுதியாக வழங்கும் ககரமும் தகரமும் இரு கைகளின் சுட்டுவிரல்களுக்கு நேரே அமைந்துள்ளன. வலிய விரலுக்கு மிக்க வேலை. மெலிந்த விரலுக்குக் குறைந்த வேலை. இஃது எண்ணிக்கை தந்த நீதி.

ஆனால், எண்ணிக்கையால் மட்டும் இப்பொறி பிறந்துவிடவில்லை. மெய்யெழுத்துகள் பதினெட்டிற்கும் புள்ளியிட்ட வடிவங்களைத் தனித்தனியே அமைக்கப் புகுந்தால் விசைகள் போதா. இகர ஈகார உயிர்மெய்களுக்கும் அவ்வாறே. இங்கு உதவியது ‘நகரா விசை’ என்னும் அமைப்பு. பொதுவாக ஒரு விசையை அழுத்தினால் தாளைச் சுமந்த உருளை ஓர் எழுத்தளவு நகரும். நகரா விசையை அழுத்தினால் குறி மட்டும் பதியும், உருளை நகராது. ஆகவே, முதலிற் புள்ளியை அடித்து, பின் ககரத்தை அடித்தால் இரண்டும் ஓரிடத்திலேயே பதிந்து ‘க்’ ஆகும். ஒரே புள்ளி பதினெட்டு எழுத்துகளுக்கும் உதவிற்று. எத்தனை ஏடுகளை எண்ணினாலும் இவ்வழி எண்ணிக்கையில் தென்படாது. எழுத்தின் உருவையும் பொறியின் இயல்பையும் ஒருங்கே உள்ளத்திற் கொண்டு நெடுநாள் சிந்தித்தவர்க்கே அது புலப்படும். உள்ளுணர்வு என்பது வானத்திலிருந்து விழுவதன்று. ஒரு பொருளோடு நெடுங்காலம் பழகியதன் பயன் என்பதை இதனால் அறியலாம்.

ஆயினும், இவ்வமைப்பிற்கு ஒரு விலையும் இருந்தது. நாம் எழுதும்போது எழுத்தை எழுதிய பின்னரே புள்ளியிடுகிறோம். தட்டச்சில் புள்ளி முந்திற்று. ‘கொ’ என்பதனை நாம் ககரமும் ஒகரமும் சேர்ந்த ஒலியாக எண்ணுகிறோம். தட்டச்சிலோ கொம்பு, ககரம், கால் எனக் கண்ணுக்குத் தோன்றும் வரிசையில் மூன்று முறை அடித்தல் வேண்டும். மனம் ஒரு வழியிலும் விரல் மற்றொரு வழியிலும் சென்றன. பயிற்சியால் அவ்வேறுபாடு மறைந்தது. இரும்பாலான பொறிக்கு அதனினும் எளிய வழி அன்று இல்லை.

கணிப்பொறி வந்தபின் நிலைமை மாறிற்று. அதற்கு உருளையும் இல்லை. அச்சுக் கம்பியும் இல்லை. ககரத்தையும் ஒகரத்தையும் அடுத்தடுத்து அழுத்தினால் ‘கொ’ என்று தானே காட்டவல்லது அது. எனவே, புதிய விசைப்பலகை ஒன்றினை வகுக்க வாய்ப்பு ஏற்பட்டது. 1999-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் சென்னையில் ‘தமிழ்நெட் 99’ என்னும் மாநாடு கூடிற்று. அதனையடுத்து அவ்வாண்டிலேயே ‘தமிழ் 99’ என்னும் விசைப்பலகையைத் தமிழ்நாட்டரசு ஏற்றுக்கொண்டது.

இவ்விசைப்பலகையைச் சற்றே கூர்ந்து நோக்குவோம். உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கத்தில் உள்ளன. மெய்களுள் பெரும்பாலானவை வலக்கைப் பக்கத்தில் உள்ளன. அ, இ, உ, எ என்னும் குறில்கள் நடுவரிசையில் இருக்க, அவற்றிற்குரிய நெடில்களாகிய ஆ, ஈ, ஊ, ஏ என்பன மேல்வரிசையில் அமர்ந்துள்ளன. குறிலின் இடம் அறிந்தவர்க்கு நெடிலின் இடம் தானே தெரியும். க, ப, ம, த, ந, ய என்பவை வலக்கையின் நடுவரிசையில் உள்ளன. அரிதாக வழங்கும் ஔகாரம் கீழ்வரிசையின் மூலையில் உள்ளது. மிகுதியாக வருவதற்கு அண்மையும் அரிதாக வருவதற்குச் சேய்மையும் தருவது எண்ணிக்கை. குறிலின் அருகே அதன் நெடிலை வைப்பது இலக்கண அறிவு. இரண்டும் ஒரே பலகையில் முரண்பாடின்றி வாழ்கின்றன.

இவற்றினும் சிறந்த ஒன்று உண்டு. யான் பள்ளியிற் பணியாற்றிய காலத்து, ஒன்பதாம் வகுப்பு மாணவரிடம் நாளிதழின் ஒரு பத்தியைக் கொடுத்து, “இதில் மிகுதியாக வரும் எழுத்தோ குறியோ எது? எண்ணுவதற்கு முன் ஊகித்துச் சொல்லுங்கள்” என்பது வழக்கம். பெரும்பாலோர், “அகரம், ஐயா” என்பர். எழுத்துகளுக்கெல்லாம் அகரம் முதல் என்று கற்ற உள்ளம் அவ்வாறு கூறுதல் இயல்பே. பின்னர் எண்ணத் தொடங்குவர். எண்ணி முடிக்கையில் முதலிடத்தில் நிற்பது புள்ளியாக இருக்கும்! அகரம் பின்தங்கிவிடும். ஏனெனில், உயிரெழுத்து தன் வடிவத்தோடு தனித்து நிற்பது பெரும்பாலும் சொல்லின் முதலில்தான். புள்ளியோ சொல்லின் இடையிலும் இறுதியிலும் ஓயாது வருகின்றது. ஊகம் எவ்வளவு நேர்மையானதாயினும் எண்ணிப் பார்க்காத வரையில் அது ஊகமே என்பதனை மாணவர் தம் விரல்களாலேயே அறிந்துகொள்வர்.

புள்ளியே மிகுதி என்று எண்ணிக்கை சொல்லிவிட்டது. அடுத்துச் செய்வது யாது? எண்ணிக்கையை மட்டும் அறிந்தவர், “புள்ளிக்கு மிக எளிதான இடத்தைக் கொடுப்போம்” என்பர். அது நல்ல விடைதான். ஆயினும் மிக நல்ல விடையன்று. இலக்கணம் கற்றவர் இங்கு வேறொன்றைக் காண்பர். தமிழில் மெய்கள் மனம்போனவாறு கூடுவதில்லை. ஒரு மெய் தன்னோடு தானே சேர்ந்து வருதலை உடனிலை மெய்ம்மயக்கம் என்கிறோம்: பக்கம், சட்டம், அம்மா, வெல்லம். மெல்லின மெய்யை அடுத்து அதற்கு இனமான வல்லினம் வருதலும் பெருவழக்கு: தங்கம், மஞ்சள், வண்டு, பந்து, பாம்பு, கன்று. இவ்விடங்களில் முதல் மெய்க்குப் புள்ளி உண்டு என்பது கேளாமலே விளங்கும். விளங்குவதனை எழுதுவோர் எதற்காக விரலால் அழுத்த வேண்டும்?

‘தமிழ் 99’ இதனையே பின்பற்றுகின்றது. ககரத்தை இரு முறை அழுத்தினால் ‘க்க’ என்றாகும். ஙகரத்தை அடுத்துக் ககரத்தை அழுத்தினால் ‘ங்க’ என்றாகும். புள்ளி தானே வந்து அமரும். ‘அம்மா வந்தாள்’ என்னும் தொடரில் மூன்று புள்ளிகள் உள்ளன. அவற்றுள் இரண்டினை விசைப்பலகையே இட்டுக்கொள்ளும். இறுதி ளகரப் புள்ளியை மட்டுமே நாம் இடுதல் வேண்டும்.

அன்புடைய மாணவர்களே, இங்குச் சற்றே நின்று சிந்தியுங்கள். சுமை எங்கே மிகுதி என்று காட்டுவது எண்ணிக்கை. அச்சுமையை எவ்வாறு இறக்கலாம் என்று காட்டுவது மொழியறிவில் ஊறிய உள்ளுணர்வு. எண்ணிக்கை இல்லையாயின் புள்ளியைப் பற்றி எவரும் கவலைகொள்ளார். இலக்கணம் இல்லையாயின் அப்புள்ளியை இல்லாமலே ஆக்கலாம் என்று எவர்க்கும் தோன்றாது. இலக்கணம் என்பதும் என்ன? பல தலைமுறையினர் மொழியைக் கேட்டுக் கேட்டு, எது வரும், எது வாராது என்று கண்டறிந்ததன் சுருக்கமன்றோ? அதுவும் ஒரு காலத்தில் எண்ணிப் பார்த்ததே. நாளடைவில் உணர்வாகப் பழுத்துவிட்டது.

இவ்வசதிக்கும் விலக்கு உண்டு. ‘நதி’ என்று எழுத நகரத்தையும் தகரத்தையும் அடுத்தடுத்து அழுத்தினால் ‘ந்தி’ என்று வந்து நிற்கும்! ‘ததும்பு’, ‘மமதை’ போன்ற சொற்களிலும் இவ்விடர் உண்டு. அங்கெல்லாம் இடையில் அகர விசையை ஒரு முறை அழுத்திப் புள்ளியைத் தடுத்தல் வேண்டும். பந்து, வந்தான், இந்த, அந்த எனப் புள்ளி வேண்டும் சொற்கள் எங்கும் நிறைந்துள்ளன. நதி போன்றவை சிலவே. பலவற்றிற்கு உழைப்பைக் குறைத்து, சிலவற்றிற்கு ஓர் அழுத்தம் கூட்டினர். இப்பேரம் இலாபமா, நட்டமா என்று தீர்ப்பளிப்பது மீண்டும் எண்ணிக்கையே. உள்ளுணர்வு வழி காட்டியது. அவ்வழி சரியா என்று எண்ணிக்கை சான்று கூறுகின்றது.

மற்றொன்றும் நோக்கத்தக்கது. ‘சொல்லின் இறுதியிலும் புள்ளி தானே வரட்டுமே’ என்று ஒருவர் கருதலாம். ஆனால் ‘பல்’ என்பதும் சொல். ‘பல’ என்பதும் சொல். ‘சில்’ வேறு, ‘சில’ வேறு. எழுதுவோர் எதனைக் கருதினார் என்று பலகை அறியாது. அறியாத இடத்தில் ஊகிக்காமல் எழுதுவோரின் விருப்பத்திற்கு விட்டுவிடுவதே முறை. எங்கே உதவ வேண்டும் என்பதனை அறிந்தவர் பலர். எங்கே உதவாமல் நிற்க வேண்டும் என்பதனை அறிந்தவர் சிலர்.

எண்ணிக்கையிற் சிறந்தது எப்போதும் வென்றுவிடும் என்றும் எண்ணற்க. இன்று உலகெங்கும் வழங்கும் ஆங்கில விசைப்பலகை 1870-களில் உருவானது. அமெரிக்க நாட்டில் வாசிங்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆகஸ்ட் துவோராக்கு என்பார் எழுத்துகளின் வழக்கையும் விரல்களின் அசைவையும் ஆராய்ந்து வேறோர் அமைப்பினை வகுத்து, 1936-இல் காப்புரிமை பெற்றார். உயிரெழுத்துகளை இடக்கையின் நடுவரிசையில் வைத்த அமைப்பு அது. ஆயினும், பழைய பலகையை அதனால் அகற்ற இயலவில்லை. கோடிக்கணக்கான விரல்கள் பழையதிற் பழகிவிட்டன. நம் நாட்டிலும் பழைய தட்டச்சு முறையிற் பயின்றோர் கணிப்பொறியிலும் அம்முறையையே விரும்புகின்றனர். இரு முறைகளுக்கும் மென்பொருள்கள் இடமளிக்கின்றன. மக்களின் பழக்கமும் ஓர் உண்மையே. அதனைக் கணக்கிற் சேர்க்காத கணக்குக் குறையுடைய கணக்கு.

இனி, என் உள்ளத்தை உறுத்தும் ஒன்றினைக் கூறுவேன். இன்று கைப்பேசியில் தமிழ் எழுதும் இளைஞர் பலர் ஆங்கில எழுத்துகளால் ஒலியைத் தட்டுகின்றனர். கைப்பேசி தமிழ்ச் சொற்கள் சிலவற்றை முன்வைக்கின்றது. அவர் ஒன்றினைத் தொடுகின்றனர். ஆங்கில விசைகள் எல்லார்க்கும் பழகியவை ஆதலின் இம்முறை எளிதாக இருக்கின்றது. இதனைக் குறை கூறுதல் என் நோக்கமன்று. தமிழே எழுதாமல் இருப்பதினும் இவ்வாறேனும் எழுதுதல் நன்றே. ஆனால், ஆங்கிலத்தில் ‘என்’ என்னும் எழுத்து ஒன்று. நமக்கோ ந, ன, ண என மூன்று. ‘பனி’ வேண்டுமா, ‘பணி’ வேண்டுமா, ‘மனம்’ வேண்டுமா, ‘மணம்’ வேண்டுமா என்பதனைப் பட்டியலில் கண்டு தெரிவு செய்யும் பழக்கம் வளர்கின்றது. முன்னர்க் கை அறிந்திருந்த வேறுபாட்டினை இப்போது கண் தேட வேண்டியிருக்கின்றது. எத்தனை பேர் விரைவாக எழுதினர் என்பது நிறுவனத்தின் கணக்கில் ஏறும். எத்தனை பேர் னகர ணகர வேறுபாட்டினை மறந்தனர் என்பது எந்தக் கணக்கில் ஏறும்?

எண்ணிக்கையின் எல்லை இதுவே. அஃது எண்ணப்பட்டதனை மட்டுமே அறியும். நேற்று நடந்ததனை மட்டுமே அறியும். பலர் எழுதிய சொல்லையே முன்வைக்கும் பொறி, ஒருவரும் எழுதாத நல்ல சொல்லை எவ்வாறு முன்வைக்கும்? ழகரத்தை எண்ணிப் பாருங்கள். அது ககரத்தைப் போல் அடிக்கடி வருவதன்று. ஆகவே ‘தமிழ் 99’ பலகையிலும் அதற்குக் கீழ்வரிசையின் ஓரத்தில்தான் இடம் கிடைத்தது. அது முறையே. ஆயினும், “அரிதாக வருகின்றது, ஆதலின் இதனை விட்டுவிடுவோம்” என்று ஒருவர் கூறுவாராயின், நம் மொழியின் பெயரையே எழுத இயலாமற் போகும் அன்றோ! ஓர் எழுத்தின் இடத்தை எண்ணிக்கை முடிவு செய்யலாம். அவ்வெழுத்து இருக்க வேண்டுமா என்பதனை முடிவு செய்ய அதற்கு உரிமை இல்லை. அவ்வுரிமை மொழியை நேசிக்கும் மக்களின் உள்ளத்திற்கே உரியது.

அவ்வாறே, உள்ளத்திற்கும் ஓர் எல்லை உண்டு. என்போன்ற ஆசிரியர் விருப்பப்படி பலகை செய்தால் அ, ஆ, இ, ஈ என நெடுங்கணக்கு வரிசையிலேயே எழுத்துகளை நிரப்பிவிடுவோம். அது பார்வைக்கு ஒழுங்காக இருக்கும். விரலுக்கோ துன்பமாக முடியும். நெடுங்கணக்கு கற்பதற்காக அமைந்த வரிசை, தட்டுவதற்காக அமைந்ததன்று. தமக்கு இனியது பிறர்க்கும் எளியது என்று கருதுவோர், அதனைப் பயன்படுத்துவோர் அருகில் அமர்ந்து ஒரு நாழிகை பார்த்தல் வேண்டும்.

மாணவர்காள்! நாளை நீங்கள் பல பொருள்களை ஆக்குவீர்கள். ஒருவர் செயலி செய்யலாம். ஒருவர் நாற்காலி செய்யலாம். ஒருவர் பேருந்து நிறுத்தத்திற்கு இடம் குறிக்கலாம். அப்போது முதலில் ஊகியுங்கள், பின்னர் எண்ணுங்கள், ஊகமும் எண்ணும் எங்கே மாறுபடுகின்றன என்று நோக்குங்கள். எண்ணில் இல்லாதவர் எவர், கணக்கிற்கு வாராத இழப்பு எது என்றும் கேளுங்கள். மாறுபட்ட இடத்தில் விரைந்து ஒன்றினைத் தள்ளிவிடாதீர்கள். புதிய வழி பிறக்கும் இடம் பெரும்பாலும் அதுவே. இன்று மாலை ஒரு தாளில் பத்து வரி எழுதி, அதில் எத்தனை புள்ளிகள் உள்ளன, அவற்றுள் எத்தனை புள்ளிகள் சொல்லாமலே விளங்கும் என்று எண்ணிப் பாருங்கள். நாள்தோறும் கண்ணெதிரே இருந்தும் நாம் காணாத பொருள்கள் எத்தனை என்பது அப்போது விளங்கும்.